வல்தாவா கரையில் ஸ்மெத்தனா அருங்காட்சியகம்: ஒரு முற்பகலை ஒதுக்கலாமா?

வடகரை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரும் மே மாதம் பிராக் நகருக்குச் செல்லவிருக்கும் தோழி ஒருவர், அங்குள்ள, செக் இசையமைப்பாளர் பெட்ரிக் ஸ்மெத்தனாவின் அருங்காட்சியகத்துக்கு ஒரு முற்பகலை ஒதுக்கலாமா என்று என்னிடம் கேட்டார். சிறிய இடம், அரை மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம், நேரமில்லாவிட்டால் விட்டுவிடலாம் என்று பலரும் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். நான் 2018 செப்டம்பரில் அங்கே சென்று ஏறத்தாழ மூன்று மணி நேரம் இருந்தேன். இன்றும் பிராக் என்றதும் கோட்டைக்கு முன்னால் அந்த இடம்தான் என் நினைவில் எழுகிறது. ஆகவே என் அனுபவத்தை முதலில் எழுதுகிறேன். அங்கே சென்றவர்களும் ஸ்மெத்தனாவின் இசையை அறிந்தவர்களும் தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டுகிறேன்.

சார்லஸ் பாலத்தின் பழைய நகர முனையிலிருந்து தெற்கே சில நிமிடம் நடந்தால், வல்தாவா ஆற்றுக்குள் நீண்டு செல்லும் ஒரு குறுகலான நிலத்துண்டு வரும். அதற்கு நோவோத்னேஹோ லாவ்கா என்று பெயர். பாலத்தின் மேல் தோளோடு தோள் உரசிய கூட்டம் இங்கே காணாமல் போய்விடுகிறது. அதன் கோடியில், சுவரெல்லாம் சித்திரம் தீட்டிய ஒரு பழைய கட்டடம் ஆற்றை ஒட்டி நிற்கிறது. முன்னால் ஸ்மெத்தனா அமர்ந்திருக்கும் சிலை இருக்கிறது. உள்ளே படியேறி முதல் மாடிக்குச் சென்றால் கடிதங்கள், நிழற்படங்கள், இசைக்குறிப்புக் கையெழுத்துப் பிரதிகள், ஓபரா விளம்பரத் தாள்கள், ஒரு பியானோ என்று காட்சிப் பொருள்கள் வரிசையாக இருக்கின்றன.

என்னை அங்கேயே நிறுத்தி வைத்தது ஒரு ஏற்பாடு. இசைக்குழு அமர்ந்திருப்பதைப் போல இசைத்தாள் தாங்கிகளை அரைவட்டமாக வைத்திருந்தார்கள். நடத்துநர் நிற்க வேண்டிய இடத்தில் பார்வையாளர் நிற்கலாம். ஒளிக்கதிர் வீசும் ஒரு கோலை எடுத்து எந்தத் தாங்கியை நோக்கிக் காட்டுகிறோமோ, அந்தத் தாங்கிக்குரிய இசை அறையில் ஒலிக்கத் தொடங்கும். நான் முதலில் தயக்கத்தோடு கோலை நீட்டினேன். கதிர் தாங்கியின் விளிம்பில் பட்டு விலகியது. மணிக்கட்டை அசையாமல் பிடித்து மறுபடியும் நீட்டியபோது, அந்த ஆற்றின் பெயரிலேயே ஸ்மெத்தனா எழுதிய 'வல்தாவா'வின் புல்லாங்குழல் எழுந்தது. சன்னலுக்கு வெளியே அதே ஆறு ஓடிக்கொண்டிருந்தது. இந்த வீட்டில் வாழ்ந்து, இந்தச் சன்னலோரம் அமர்ந்து இதை அவர் எழுதியிருக்கிறார் என்று எண்ணியபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

கல்தச்சன்

வடகரை அம்மா, அருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. உங்கள் தோழி தவறான எண்ணத்தோடு அங்கே சென்றுவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். ஸ்மெத்தனா அந்தக் கட்டடத்தில் ஒரு நாளும் வாழ்ந்ததில்லை. அது பழைய நகரத்துக்குத் தண்ணீர் ஏற்றி அனுப்பிய நீரேற்று நிலையத்துக்குரிய கட்டடம். பக்கத்திலேயே உயரமாக நிற்கும் பழைய நீர்க்கோபுரத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தோனீன் வீல் என்ற கட்டடக் கலைஞரின் வடிவமைப்பில், மறுமலர்ச்சிக் காலப் பாணியைப் புதுப்பித்து 1880களில் அதைக் கட்டினார்கள். 'வல்தாவா' 1874இல் எழுதப்பட்டது. அதாவது அந்த இசை உருவானபோது நீங்கள் நின்ற சுவர்களே அங்கு இல்லை. 1936இல்தான் ஸ்மெத்தனா அருங்காட்சியகம் அங்கே அமைந்தது. இப்போது அது செக் நாட்டுத் தேசிய அருங்காட்சியகத்தின் ஒரு கிளையாக இயங்குகிறது.

சுவரில் நீங்கள் பார்த்தவை வண்ணம் தீட்டிய ஓவியங்கள் அல்ல. இரண்டு நிறச் சுண்ணாம்புக் காரையை ஒன்றின்மேல் ஒன்றாகப் பூசி, மேல் பூச்சு ஈரமாக இருக்கும்போதே கீறி எடுத்து, அடியிலுள்ள நிறத்தை வெளிக்கொணரும் முறை அது, ஸ்கிராஃபித்தோ என்பார்கள். முப்பதாண்டுப் போரின் இறுதியில், 1648இல், கோட்டையும் அதன் அடிவாரப் பகுதியும் சுவீடன் படையிடம் விழுந்த பிறகு, அப்படை சார்லஸ் பாலத்தைக் கடந்து பழைய நகருக்குள் நுழையாதபடி நகரத்தாரும் மாணவர்களும் தடுத்து நின்ற போர் அங்கே சித்திரிக்கப்பட்டிருக்கிறது. சண்டை நடந்த பாலம் கண்ணெதிரே இருக்க, அதன் சித்திரம் சுவரில் இருப்பது எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு. உள்ளே இருப்பவற்றைவிட வெளிச்சுவருக்கு நான் அதிக நேரம் செலவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பயணப்பை

நான் சற்று மாறுபடுகிறேன். கல்தச்சன் ஐயா சொன்னதே என் வாதத்துக்கு ஆதாரம். அவர் வாழாத வீட்டில், அவர் காலத்துக்குப் பிந்திய கட்டடத்தில், கண்ணாடிப் பேழைக்குள் வைத்த கடிதங்களைப் பார்ப்பதற்காக, இரண்டு நாளே பிராகில் தங்குபவர் அரை நாளைச் செலவிட வேண்டுமா? செக் மொழியோ ஜெர்மன் மொழியோ தெரியாதவருக்கு அந்தக் கடிதங்கள் வெறும் கையெழுத்துக் கோடுகள்தான். நான் சென்ற அன்று கோல் காட்டும் ஏற்பாட்டின் முன்னே ஒரு பள்ளிக் குழந்தைகள் குழு நின்றுகொண்டிருந்ததால் என் முறை வரவே இல்லை.

உண்மையான இடங்கள் வேறு இருக்கின்றன. 1824 மார்ச் 2 அன்று அவர் பிறந்தது லித்தோமிஷ்ல் நகரக் கோட்டையின் மது வடிப்பாலையில். அவருடைய தந்தை அங்கே பீர் வடிப்பவராக இருந்தார். காது கேளாமல் போன பிறகு 1876 முதல் அவர் வாழ்ந்தது யாப்கெனித்சே என்ற சிற்றூரில், வன அதிகாரியாக இருந்த மருமகனின் வீட்டில். பிராகுக்குள்ளேயே பார்க்க வேண்டுமென்றால் விஷெஹ்ராத் குன்றின் மேலுள்ள கல்லறைக்குச் செல்லலாம். இவையெல்லாம் அவர் உடலோடும் வாழ்க்கையோடும் தொடர்புள்ள இடங்கள். ஆற்றங்கரை அருங்காட்சியகத்துக்கு அப்படி என்ன உரிமை இருக்கிறது என்று யாராவது எனக்கு விளக்க வேண்டும்.

செவ்வழி

பயணப்பை அவர்களின் கேள்வி நியாயமானது. மேற்கத்தியத் தந்தி இசையைப் பல ஆண்டுகள் வாசித்தவன் என்ற முறையில் என்னால் இயன்ற விளக்கத்தைத் தருகிறேன். அந்த இடத்தின் உரிமை அவருடைய வாழ்க்கையிலிருந்து வரவில்லை. ஆற்றின் போக்கிலிருந்து வருகிறது.

'வல்தாவா' ஏறத்தாழ 12 நிமிடம் நீளும் ஒரு படைப்பு. 'மா வ்லாஸ்த்', அதாவது 'என் தாயகம்', என்ற ஆறு பகுதிகள் கொண்ட தொகுதியில் அது இரண்டாவது. ஆற்றைப் பார்த்ததும் பொதுவாக மனத்தில் எழும் உணர்ச்சியை அவர் எழுதவில்லை. ஆறு எந்த வழியாக வருகிறதோ அந்த வழியையே எழுதினார். ஷுமாவா மலைக்காட்டில் குளிர் வல்தாவா, வெது வல்தாவா என்று இரண்டு ஊற்றோடைகள் பிறக்கின்றன. முதலில் ஒரு புல்லாங்குழல் தனியாக ஓடத் தொடங்குகிறது. இரண்டாவது புல்லாங்குழல் அதன் இடைவெளிகளில் புகுந்து ஓடுகிறது. பிறகு கிளாரினெட்டுகள் இன்னொரு ஓடையாக வந்து சேர்கின்றன. வயலின்களும் ஹார்ப்பும் அவ்வப்போது ஒற்றைச் சுரங்களைத் தட்டிவிடுவது, பாறையில் பட்டுத் தெறிக்கும் துளிகளைப் போல இருக்கும். ஓடைகள் கலந்து ஆறானதும் வயலின்களிலும் ஓபோவிலும் அந்தப் புகழ்பெற்ற மெட்டு எழுகிறது. பிறகு காட்டில் வேட்டைக்காரர்களின் ஹார்ன் ஒலி, கரையோரச் சிற்றூரில் திருமணத்துக்கு ஆடும் போல்கா, நிலவொளியில் நீர்மகளிர் ஆடும் அமைதியான பகுதி, புனித யோவானின் பெயர் தாங்கிய பாறைப் பகுதியில் ஆறு நுரைத்துச் சிதறும் பெருமுழக்கம் என்று வரிசையாகக் கடந்து, அகன்ற ஆறாக அது பிராகுக்குள் நுழைகிறது.

நுழையும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். தொகுதியின் முதல் படைப்பான 'விஷெஹ்ராத்'தின் மெட்டு இங்கே முழு ஆர்கெஸ்ட்ராவின் வலிமையோடு திரும்பி வருகிறது. ஆறு விஷெஹ்ராத் குன்றைக் கடக்கிறது என்பது அதன் பொருள். அதன் பிறகு இசை மெல்ல மெல்லத் தேய்ந்து, வயலின்களின் அலையசைவாக மட்டும் எஞ்சி, தொலைவில் மறைகிறது. இறுதியில் இரண்டே இரண்டு உரத்த அடிகள்.

இப்போது நகர வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். வல்தாவா பிராகுக்குள் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஓடுகிறது. முதலில் விஷெஹ்ராத், பிறகு தேசிய அரங்கம், அதன் பின் நோவோத்னேஹோ லாவ்கா, அடுத்தது சார்லஸ் பாலம். அருங்காட்சியகத்தின் சன்னலுக்குக் கீழே ஓடும் தண்ணீர், சில கிலோமீட்டருக்கு முன்னால் விஷெஹ்ராதைக் கடந்து வந்த தண்ணீர். இசையில் அந்த மெட்டு முழங்கி முடிந்து, ஆறு நம்மை விட்டு விலகிச் செல்லத் தொடங்கும் இடம் எதுவோ, அந்த இடத்தில்தான் நீங்கள் நிற்கிறீர்கள். நான் அங்கே சன்னலோரம் நின்று, ஹெட்ஃபோனில் அந்தப் படைப்பின் கடைசி இரண்டு நிமிடத்தை மட்டும் மூன்று முறை கேட்டேன். எத்தனையோ அரங்குகளில் கேட்ட பகுதிதான். ஆனாலும் அந்தத் தேய்வு முடிவைக் காட்டவில்லை, ஆறு தொடர்ந்து போய்க்கொண்டே இருப்பதைக் காட்டுகிறது என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. மேல்னிக் என்ற ஊரில் எல்பே ஆற்றோடு கலக்கும் வரை அது போகிறது.

இளந்தளிர்

செவ்வழி ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. ஒரு சந்தேகம். அந்த முதன்மை மெட்டு ஸ்மெத்தனாவுடையது அல்ல, சுவீடன் நாட்டு நாட்டுப்பாடல் ஒன்றிலிருந்து எடுத்தது என்று படித்திருக்கிறேன். இஸ்ரேலின் நாட்டுப்பண்ணும் அதே மெட்டு என்கிறார்கள். அப்படியானால் செக் மக்கள் இதைத் தங்கள் மண்ணின் இசையாகக் கொண்டாடுவதற்கு அடிப்படை என்ன?

செவ்வழி

ஒற்றுமை இருப்பது உண்மை. 1856 முதல் 1861 வரை அவர் சுவீடனின் கோதன்பர்க் நகரில் இசை கற்பித்தும் நடத்தியும் வாழ்ந்தார். ஆகவே அங்குள்ள 'வெர்ம்லாந்து' பாடல் அவர் காதில் விழுந்திருக்கலாம். ஆனால் இதே மெட்டின் சாயல் 17ஆம் நூற்றாண்டு இத்தாலியில் 'லா மந்தோவானா' என்ற பெயரில் வழங்கியது. ஐரோப்பாவின் பல நாடுகளில் உலவியது. செக் குழந்தைகளின் 'பூனை துளைக்குள் நுழைகிறது' என்ற பாடலும் இதே ஏறுவரிசைதான். அது மகிழ்ச்சிச் சாயலுள்ள மேஜரில் இருக்கிறது, 'வல்தாவா' சோகச் சாயலுள்ள மைனரில் தொடங்குகிறது, அவ்வளவே வேறுபாடு. படிப்படியாக ஏறி, ஆறாவது சுரத்தைத் தொட்டுவிட்டு இறங்கும் மெட்டு அது. யார் வீட்டுச் சொத்தும் அல்ல. சிறு ஓடையாக இருந்த மெட்டை அவர் எப்படிப் பெருக்கி, பாறைப் பகுதியைத் தாண்டியதும் ஈ மைனரிலிருந்து ஈ மேஜருக்குத் திறந்துவிடுகிறார் என்பதில்தான் படைப்பு இருக்கிறது. அந்தத் திறப்பு வரும் நொடியில் அரங்கில் அமர்ந்திருப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவதை மேடையிலிருந்து பலமுறை பார்த்திருக்கிறேன்.

கரிசல்காடு

இந்த இழையைப் படித்த பிறகு என்னால் எழுதாமல் இருக்க முடியவில்லை. 2016இல் என் தந்தையாரை அழைத்துக்கொண்டு அங்கே சென்றேன். அப்போது அவருக்கு 71 வயது. இரண்டு காதிலும் செவிக்கருவி அணிபவர். இசையில் பெரிய பயிற்சி இல்லாவிட்டாலும் வீட்டில் வானொலியை அணைய விடாதவர். செவித்திறன் குறையத் தொடங்கியதும் வானொலிப் பெட்டியைத் தாமாகவே எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டார்.

அந்தக் கட்டடத்தின் அருகே ஆற்றின் குறுக்கே ஒரு தடுப்பணை இருக்கிறது. தண்ணீர் அதன்மேல் சரிந்து விழும் ஓசை ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும். செவிக்கருவி அணிந்தவர்களுக்கு அத்தகைய ஓசை எவ்வளவு துன்பம் தரும் என்பது உடனிருப்பவர்களுக்குத்தான் தெரியும். எல்லாமே ஒரே இரைச்சலாகத் தலைக்குள் புகும். அப்பா முகத்தைச் சுளித்தபடி வாசலில் நின்றார். திரும்பிவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம், வந்தது வந்துவிட்டோம் என்றார்.

உள்ளே கோலை அவர் கையில் கொடுத்தேன். சரியாகவே காட்டினார்; இசையும் எழுந்தது. ஆனால் கூடத்தில் எதிரொலித்த ஒலி அவருடைய கருவிக்குள் கலங்கலாகத்தான் சென்றிருக்க வேண்டும். சிறிது நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, கோலை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு இசைக்குறிப்புத் தாள் வைத்திருந்த ஒரு பேழையின் முன்னால் போய் நின்றார். கறுப்பு மையில் நெருக்கமாக எழுதிய சுரப்புள்ளிகள், அவற்றை இணைக்கும் சாய்கோடுகள், சில இடத்தில் அடித்துத் திருத்திய தடம். குனிந்து மூக்கு கண்ணாடியைத் தொடும் அளவுக்கு நெருங்கிப் பார்த்தார்.

"இதை எழுதும்போது இவருக்கு எவ்வளவு கேட்டது?" என்று என்னைக் கேட்டார்.

"காது போன பிறகு எழுதியது என்றால் ஒன்றும் கேட்டிருக்காது அப்பா. அந்த ஆற்று இசையெல்லாம் அப்படி எழுதியதுதான்" என்றேன்.

பதில் எதுவும் சொல்லவில்லை. இரண்டு செவிக்கருவிகளையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சன்னலுக்குப் போனார். அங்கே நின்று, தடுப்பணையில் வெள்ளையாக உடையும் தண்ணீரை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வலக்கையின் ஆள்காட்டி விரல் மட்டும் சன்னல் விளிம்பில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. ஊருக்குத் திரும்பிய மறுவாரம் பரணிலிருந்து வானொலியை இறக்கச் சொன்னார். முன்னைப் போல அவருக்குக் கேட்காது. ஆனாலும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்.

பயணப்பை அவர்களே, கடிதங்களின் மொழி எனக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. அந்த ஒரு தாளுக்காக மட்டுமே அந்தப் பயணம் தகும் என்று நான் சொல்வேன்.

வடகரை

கல்தச்சன் ஐயாவின் திருத்தத்தை முழு மனத்தோடு ஏற்கிறேன். அது ஸ்மெத்தனாவின் வீடு என்று நான் எண்ணியது என் பிழை. கரிசல்காடு அவர்களின் பதிவைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் எதுவும் செய்யத் தோன்றாமல் இருந்தேன்.

அந்த நாள்களின் வரிசையை ஒருமுறை எழுதிப் பார்த்தால்தான் நடந்தது என்ன என்பது புலப்படும். 1874 கோடையில் அவர் காதில் விசில் போன்ற ஓசைகள் கேட்கத் தொடங்கின. முதலில் ஒரு காது போனது. அக்டோபர் 20ஆம் தேதி வாக்கில் மற்றொன்றும் போய், முழுவதும் கேளாதவரானார். அப்போது அவருக்கு வயது 50. பிராகில் தற்காலிக அரங்கம் என்று அழைக்கப்பட்ட ஓபரா அரங்கத்தின் இசைத் தலைவர் பதவியை விட்டார். அதற்குச் சற்று முன்னரே தொடங்கியிருந்த 'விஷெஹ்ராத்'தை நவம்பர் 18 அன்று முடித்தார். இரண்டு நாள் கழித்து, நவம்பர் 20 அன்று, 'வல்தாவா'வைத் தொடங்கினார். டிசம்பர் 8 அன்று முடித்துவிட்டார். பத்தொன்பது நாள். உலகம் ஒலியற்றுப் போய் இரண்டு மாதம்கூட நிறையாத ஒருவர், ஓடையின் முதல் சலசலப்பிலிருந்து தொடங்கி ஒரு ஆற்றின் ஒலி முழுவதையும் நினைவிலிருந்து எடுத்து எழுதியிருக்கிறார். 1875 ஏப்ரல் 4 அன்று அது முதன்முதலாக அரங்கேறியபோது பிராக் மக்கள் அதைக் கேட்டார்கள், எழுதியவர் கேட்கவில்லை. ஆறு படைப்புகளும் சேர்ந்து 1882 நவம்பர் 5 அன்று, ஆற்றின் நடுவிலுள்ள தீவில் இருக்கும் ஜோஃபின் மாளிகையில் ஒலித்தபோதும் அவருக்குக் கைதட்டலைக் கண்ணால் காண மட்டுமே முடிந்தது.

செவ்வழி ஐயா, நான்கு தந்திக் கருவிகளுக்காக ஸ்மெத்தனா எழுதிய 'என் வாழ்விலிருந்து' என்ற நால்வரிசையைப் பற்றி நீங்கள் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதன் இறுதிப் பகுதியில் வரும் அந்த ஒற்றைச் சுரத்தைப் பற்றி இங்கே பேசாமல் விட்டால் குறையாகிவிடும்.

செவ்வழி

வாசித்தவன் என்பதால் சொல்கிறேன். 1876இல் எழுதிய படைப்பு அது. நான்காவது பகுதி நாட்டுப்புற ஆட்டத்தின் உற்சாகத்தோடு வேகமாகப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று எல்லாம் நின்றுவிடும். கீழே மற்ற மூவரும் நடுங்கும் வில்லோடு தாழ்ந்த ஒலியை நிறுத்தி வைக்க, முதல் வயலின் மிக உயரத்தில் ஒற்றை 'ஈ' சுரத்தைப் பிடித்து நீட்டும். காது போவதற்கு முன் தம்மைத் துன்புறுத்திய ஓசை அதுதான் என்று ஸ்மெத்தனாவே எழுதியிருக்கிறார். உண்மையில் அவருக்குக் கேட்டது ஏ-ஃபிளாட் மேஜர் சுரக்கூட்டு. நால்வரிசையின் ஆதாரச் சுரத்துக்கு ஏற்ப அதை 'ஈ' ஆக மாற்றி வைத்தார். நோயின் ஓசையைக்கூட அப்படியே எடுத்து வைக்காமல் படைப்புக்குப் பொருந்தும்படி அமைத்தார் என்பதை எண்ணும்போது எனக்குத் தலை வணங்கத் தோன்றுகிறது. அந்தச் சுரத்துக்குப் பிறகு முந்தைய பகுதிகளின் மெட்டுகள் சில நொடி தலைகாட்டிவிட்டு, இசை அணைந்துபோகும். 1878இல் நண்பர்கள் நடுவே அதை வாசித்துப் பார்த்தபோது வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலாவை வாசித்தவர், பின்னாளில் உலகப் புகழ்பெற்ற இசையமைப்பாளரான அந்தோனீன் த்வோர்ஷாக். தற்காலிக அரங்கத்தின் இசைக்குழுவில் ஸ்மெத்தனாவின் கீழ் வியோலா வாசித்தவர் அவர்.

'விஷெஹ்ராத்'தின் தொடக்கத்தில் ஹார்ப்புகள் எழுப்பும் முதல் இரண்டு சுரங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். நாம் பி-ஃபிளாட், ஈ-ஃபிளாட் என்று சொல்பவற்றை ஜெர்மானியர் 'பி' என்றும் 'எஸ்' என்றும் சொல்வார்கள். பெட்ரிக் ஸ்மெத்தனாவின் முதலெழுத்துகள். தாயகத்தின் வாயிலில் தம் பெயரைப் பொறித்துவிட்டே அவர் தொடங்கியிருக்கிறார்.

இளந்தளிர்

மொழியைப் பற்றி ஒரு சிறு சேர்க்கை. அன்றைய ஆஸ்திரியப் பேரரசில் கல்வி ஜெர்மன் மொழியில் இருந்ததால், ஸ்மெத்தனா இளமையில் நாட்குறிப்பையும் கடிதங்களையும் ஜெர்மன் மொழியில்தான் எழுதினார். 1860இல் எழுதிய ஒரு கடிதத்தில், தம் செக் மொழியின் பிழைகளுக்கு வருந்தி, பள்ளியில் தாய்மொழியைக் கற்கும் வாய்ப்புத் தமக்குக் கிடைக்கவில்லை என்று குறிப்பிடுகிறார். நாற்பது வயதை நெருங்கும்போது தாய்மொழியின் இலக்கணத்தை உட்கார்ந்து கற்று, 1866 மே 30 அன்று 'விற்கப்பட்ட மணமகள்' ஓபராவைச் செக் மொழியில் அரங்கேற்றியவர் அவர். பேழைக்குள் இருக்கும் கடிதங்களில் மொழி மாறுவதை, பொருள் விளங்காவிட்டாலும் எழுத்தின் மேலுள்ள குறிகளை வைத்தே அடையாளம் காணலாம் என்று நினைக்கிறேன். செக் எழுத்துகளின் தலையில் கொக்கி போன்ற குறி இருக்கும்.

பயணப்பை

என் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. கரிசல்காடு அவர்களிடம், கடிதங்களைக் கோடுகள் என்று நான் எழுதியதற்காக வருந்துகிறேன். ஆனாலும் யாப்கெனித்சேயைப் பற்றிய என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. 'மா வ்லாஸ்த்' தொகுதியின் 'தாபோர்', 'பிளானிக்' ஆகிய கடைசி இரண்டு பகுதிகளும் அந்தக் காட்டு வீட்டில் முடிக்கப்பட்டவை. மரங்களும் குளமும் சூழ்ந்த அந்த அமைதி, ஓசை கேளாத ஒருவருக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை அங்கே சென்றால்தான் உணர முடியும். பிராகிலிருந்து ஒரு நாள் பயணமாகச் சென்று திரும்பலாம்.

கல்தச்சன்

செவ்வழி ஐயா பாறைப் பகுதியைப் பற்றி எழுதியதால் இதைச் சொல்கிறேன். 'வல்தாவா'வில் ஆர்கெஸ்ட்ரா முழுவதும் கொந்தளிக்கும் அந்தப் புனித யோவான் பாய்ச்சலை இன்று யாரும் போய்ப் பார்க்க முடியாது. பிராகுக்குத் தெற்கே ஷ்டெஹோவித்சே என்ற இடத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கட்டி முடித்த அணையின் நீர்த்தேக்கத்துக்கு அடியில் அது மூழ்கிவிட்டது. அருங்காட்சியகம் திறந்த சில ஆண்டுகளிலேயே ஆற்றின் அந்தப் பகுதி மறைந்துபோனது. அந்த இடத்தின் முழக்கத்தைத் தம் காதால் கேட்டவர்கள் இன்று அநேகமாக யாரும் இல்லை. அது எப்படி ஒலித்தது என்று அறிய விரும்புகிறவர்களுக்கு, காது கேளாத ஒருவர் எழுதி வைத்த இசைக்குறிப்புத் தாள் இருக்கிறது.

செவ்வழி

கல்தச்சன் ஐயா, பல ஆண்டுகள் அந்தப் பகுதியை வாசித்திருக்கிறேன். அந்த இடம் இன்று இல்லை என்பது எனக்குத் தெரியாது. நன்றி.

வடகரை அம்மா, உங்கள் தோழி மே மாதம் செல்வதாக எழுதியிருந்தீர்கள். ஸ்மெத்தனா 1884 மே 12 அன்று, மனநிலை சிதைந்து, பிராக் மனநல மருத்துவமனையில் காலமானார். அந்த நாளில்தான் ஆண்டுதோறும் 'பிராக் வசந்தம்' இசைவிழா 'மா வ்லாஸ்த்' முழுவதையும் வாசித்துத் தொடங்குகிறது. அதற்கு முன் விஷெஹ்ராத் கல்லறையில் மலர்வளையம் வைப்பார்கள். நாட்டை விட்டு வெளியேறி 42 ஆண்டுகள் அயல்நாட்டில் வாழ்ந்த நடத்துநர் ரஃபாயெல் குபெலிக், கம்யூனிஸ்ட் ஆட்சி முடிந்த பிறகு 1990இல் திரும்பி வந்து அந்தத் தொடக்க நிகழ்ச்சியை நடத்தினார். அதன் பதிவு கிடைக்கிறது. புறப்படுவதற்கு முன் உங்கள் தோழி அதைக் கேட்டுவிட்டுச் செல்லட்டும்.

சுற்றும் முறையைப் பற்றி ஒரு கருத்து. ஆற்றின் திசையிலேயே நடக்கச் சொல்லுங்கள். காலையில் விஷெஹ்ராத் குன்றில் தொடங்கி, வலக்கரையோடு வடக்கே வந்தால் ஜோஃபின் தீவு வரும்; அடுத்து தேசிய அரங்கம்; அதற்கு எதிரே, 1860களில் ஸ்மெத்தனா குடியிருந்து 'விற்கப்பட்ட மணமகள்' எழுதிய லஜான்ஸ்கி மாளிகை. அங்கிருந்து அவர் பெயர் தாங்கிய கரைச்சாலையில் நேராக நடந்தால் அருங்காட்சியகத்துக்கு வந்துவிடலாம். நடக்க இயலாவிட்டால் கார்லோவி லாஸ்னி நிறுத்தத்தில் டிராமிலிருந்து இறங்கலாம். திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் புறப்படும் முன் பார்த்துக்கொள்வது நல்லது.

வடகரை

அனைவருக்கும் நன்றி. இந்த இழையைத் தோழிக்கு அனுப்பினேன். நேற்று இரவு முழுவதும் படித்துவிட்டு இன்று காலை அழைத்தார். மே 14 அன்று பிராகில் இறங்குவதாக இருந்த பயணத்தை நான்கு நாள் முன்னதாக மாற்றிக்கொள்கிறாராம். நிகழ்ச்சிக்கு நுழைவுச்சீட்டுக் கிடைக்காவிட்டாலும் 12ஆம் தேதி காலையில் கல்லறையிலிருந்து ஆற்றோடு நடந்து வருவேன் என்கிறார். அவருடைய தாயாரும் உடன் வருகிறார். அவரும் செவிக்கருவி அணிபவர். தடுப்பணைப் பக்கம் ஓசை எவ்வளவு இருக்கும், உட்கார்ந்து பார்க்க இடம் இருக்குமா என்று கரிசல்காடு அவர்களிடம் கேட்கச் சொன்னார்.

கரிசல்காடு

சிலைக்குப் பக்கத்தில் உட்காரலாம். ஓசை அதிகம்தான். கருவியைக் கழற்றி வைத்துக்கொள்ளச் சிறு பெட்டி ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லச் சொல்லுங்கள். அப்பா சட்டைப் பையில் போட்டதில் ஒன்றின் மின்கல மூடி கழன்று விழுந்து, படியில் தேடி எடுக்க வேண்டியதாயிற்று. உள்ளே மேல் மாடிச் சன்னலில் ஓசை குறைவு, தண்ணீர் நன்றாகத் தெரியும். அம்மாவை முதலில் அங்கே அழைத்துப் போகச் சொல்லுங்கள்.